எல்லாரையும் போல

மனிதர் தம் வாழ்க்கையில் வேண்டி நிற்பவை பல. செல்வம் வேண்டுவோர் உண்டு. புகழ் வேண்டுவோர் உண்டு. கற்ற கல்விக்கேற்ற பதவி வேண்டுவோரும் உண்டு. என்னுடைய பதினாறாம் வயதில் நான் வேண்டியது இவற்றுள் எதுவும் அன்று. மாலை ஏழு மணிக்கு விளக்கெரியும் ஒரு வீடு. அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தாத ஓர் இரவு. மறுநாள் காலை பக்கத்து வீட்டாரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடிய ஒரு விடியல். இவ்வளவே நான் வேண்டியது. எல்லாரையும் போல இருந்துவிட வேண்டும் என்பதே என் ஆசை. எளிய ஆசைதான். ஆயினும் சில வீடுகளில் எளிய ஆசைகளுக்கே விலை அதிகம்.

அறுபதைக் கடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட இந்நாளில், அந்த ஆசையைப் பற்றியும், அதை எனக்காக நிறைவேற்றித் தர முயன்ற இரண்டு நண்பர்களைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எழுதாமல் விட்டால் ஒரு கடன் தீராமலே நின்றுவிடும். நண்பர்களின் பெயர்களைக் குறிப்பிட நான் விரும்பவில்லை. இருவரும் பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள். தாங்கள் செய்ததை ஒரு செயலாகவே கருதாதவர்கள். தோட்டத்தில் எல்லாரும் அழைத்தபடியே மண்டோர் மகன், ஆயா பேரன் என்று அவர்களை அழைத்துக்கொள்கிறேன்.

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் கோலசிலாங்கூர். ஊரின் நடுவே மெலாவத்திக் குன்று. 1784-இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றிக் கோட்டைக்குத் தங்கள் மொழியில் பெயரும் வைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டுக்கொண்டார். குன்றின் உச்சியில் 1907-இல் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கிறது. மரங்களில் சாம்பல் நிறக் குரங்குகள் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. பள்ளி விட்டதும் பத்துக் காசுக்குக் கச்சான் வாங்கிக்கொண்டு குன்றேறி, அந்தக் குரங்குகளோடு பகிர்ந்து உண்போம். தாய்க் குரங்கு கறுத்திருக்க, குட்டி மட்டும் பொன்னிறமாக அதன் மார்பில் ஒட்டிக் கிடக்கும். அந்தக் குட்டியைப் பார்த்துக்கொண்டே நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்த நாள்கள் உண்டு.

பட்டணத்திலிருந்து கிழக்கே, புக்கிட் ரோத்தான் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகும் சாலையை ஒட்டியது எங்கள் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். எங்களைப் போன்ற பழைய ஆட்களின் நாக்கில் பழைய பெயரே வருகிறது. அந்த வட்டாரத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. ஆன்ரி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917-இல் இந்நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்தை அமைத்தது அங்கேதான். தென்னமரம் என்பது அந்தத் தோட்டத்தின் பெயர். நம்மவர்களோடு பழகிய அந்த மனிதர் பின்னர் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றார். உலகம் படித்த அந்த நூல் பிறந்த மண்ணில், என் போன்றோர் ஓர் இரவல் புத்தகத்துக்கு மூன்று வீடுகள் ஏறி இறங்கினோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டம் பாதி ரப்பர், பாதி செம்பனை. செயற்கை ரப்பர் பெருகியதால் விலை சரிந்து, பால்மரங்களை வீழ்த்திவிட்டுச் செம்பனைக் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். விடியுமுன்னே பெரட்டுக்குச் சங்கு ஊதும். அம்மா நான்கு மணிக்கே எழுந்து அடுப்பை மூட்டுவார். ஆறு மணிக்கெல்லாம் காண்டாவும் வாளியுமாக நிறைக்குப் போய்விடுவார். என் தங்கைக்கு அப்போது வயது ஐந்து. அவளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

இனி என் தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிகாரர் என்ற ஒரே சொல்லில் அவரை அடக்கிவிட்டால் அது அநீதியாகும். பால்வெட்டில் அவர் கை தேர்ந்தவர். அவர் சீவிய பட்டையில் மரத்துக்குக் காயமே இராது என்று மண்டோரே சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டத்துத் திருவிழாக் கூத்தில் அவர்தாம் அர்ச்சுனன். அவர் மேடையேறிக் குரலெடுத்தால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் அசையாமல் இருப்பார்கள். நான் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, என் தோளைத் தட்டி, ‘அர்ச்சுனன் மகனா நீ?’ என்று கேட்டவர்கள் பலர். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

1969-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் நிலை கலங்கியது. எழுத்தறியாமையாலும், எவரும் எடுத்துச் சொல்லாமையாலும் உரிய காலத்தில் குடியுரிமைக்கு மனுச் செய்யாதவர்கள் தோட்டங்களில் ஏராளம். பல்லாயிரக்கணக்கானோர் தாங்கள் வியர்வை சிந்திய மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். அவர்களுள் என் பெரியப்பாவும் ஒருவர். தந்தையை இழந்த என் அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவரே. 1970-இல் அவரை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போன அப்பா, மறுநாள் மாலைதான் வீடு திரும்பினார். அதற்கு முன்பும் அவர் குடித்தவர்தாம். எல்லாரும் குடிக்கும் அளவு குடித்தவர். அந்த நாளுக்குப் பின்னர் அளவு என்பதே இல்லாமற்போயிற்று. அடுத்த திருவிழாவில் அர்ச்சுனன் வேடத்தை வேறொருவர் கட்டினார்.

தோட்டக் கள்ளுக்கடையைப் பற்றி இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். மருந்தகம் தொலைவில் இருக்கும். இடைநிலைப்பள்ளி அதனினும் தொலைவில் இருக்கும். கள்ளுக்கடை மட்டும் லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும். காலையில் கூலியாகக் கொடுத்த பணம் மாலையில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் போய்ச் சேரும். இந்தக் கொடுமையை நம் முன்னோர் உணராமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதோடும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, உயிர்கள் போயின. 1947-இல் கெடாவின் பீடோங் பகுதியில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் செய்தார்கள். அங்கும் ஓர் உயிர் பலியாயிற்று. பள்ளியில் இவற்றையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிற்காலத்தில் படித்தறிந்தபோது, என் வீட்டின் துன்பம் என் வீட்டோடு பிறந்தது அன்று என்று தெளிந்தேன். அதற்குள் எனக்கு நாற்பது வயதாகிவிட்டது.

பதினாறு வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. அப்பாவின் இருமலை வைத்து அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணக்கிட எனக்குத் தெரியும். லயத்துக் கோடியில் கேட்கும் இருமல் ஒருமுறையாக இருந்தால், அது கள் மட்டும். பாட்டோடும் அழுகையோடும் போய்விடும். காறித் துப்பித் தொடர்ந்து இருமினால் அது சம்சு. அப்படியென்றால் தங்கையைப் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டில் விட வேண்டும். சோற்றுப் பானையைப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் பால்உளியை ஒளித்து வைக்க வேண்டும்.

அந்த உளியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு மாலையும் பள்ளிப் பையைக் கீழே வைத்ததும் நான் செய்யும் முதல் வேலை அதுவே. சாக்கில் சுற்றிக் குளியலறைக் கூரையின் குறுக்குச் சட்டத்தில் செருகிவிடுவேன். விடியற்காலையில் அம்மா எழுமுன்னே அதை எடுத்து அடுப்பங்கரையில் அதன் பழைய இடத்தில் வைத்துவிடுவேன். நான் ஒளிப்பது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தபோது அம்மா வேலைக்குப் போயிருந்தார். உளி கூரையில் இல்லை. மாலையில் திரும்பி வந்தவர், கூரைச் சட்டத்துக்கு எட்டும்படியாக ஒரு மரப்பெட்டியை அங்கே போட்டு வைத்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

இத்தகைய வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு வெளியே ஒரே ஒரு கவலைதான். தன் வீடு தன் முகத்தில் தெரிந்துவிடக் கூடாது. நான் பள்ளியில் உரக்கச் சிரித்தேன். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டேன். முதல்நாள் இரவு நடந்ததையெல்லாம் பஸ் ஏறும் இடத்தில் விட்டுவிட்டுப் போனேன். அனைவரையும் ஏமாற்றிவிட்டதாகவே நம்பினேன். தகரச் சுவர் ஒன்றே தடுப்பாக உள்ள லயத்தில் எந்த வீட்டுச் செய்தி எவருக்குத் தெரியாமல் இருக்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்க விரும்பவில்லை என்பதே உண்மை.

மண்டோர் மகனுக்கும் ஆயா பேரனுக்கும் எல்லாம் தெரியும். அவர்கள் எதையும் கேட்டதில்லை. அவர்கள் செய்தது வேறு. மாலை ஏழு மணி ஆனதும் மண்டோர் மகன் எங்கள் வாசலில் வந்து நிற்பான். லயம் முழுவதும் கேட்கும்படியாக, ‘கணக்கு நோட்டு வேணும், எடுத்துக்கிட்டு வாடா!’ என்று கத்துவான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன் அவன். என் நோட்டால் அவனுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் அந்தக் கூப்பாடு எனக்கு வீட்டை விட்டு வெளியேற ஒரு முறையான காரணத்தைத் தந்தது. ஓடிப் போகிறவனாக அல்லாமல், படிக்கப் போகிறவனாக நான் படியிறங்கினேன். என் தங்கையும் பலகையும் குச்சியுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

நாங்கள் படித்தது ஆயாக்கொட்டகையில். பகலெல்லாம் கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும் அந்தக் கொட்டகை இரவில் வெறுமையாக இருக்கும். உத்தரத்திலிருந்து தூளிகள் வரிசையாகத் தொங்கும். அவற்றை முடிச்சிட்டு உயர்த்திக் கட்டிவிட்டு, நடுவில் பாயை விரித்து உட்காருவோம். பத்து மணிக்குத் தோட்டத்து மின்சார இயந்திரம் நின்றுவிடும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வரலாற்றுப் புத்தகம், ஒரு நிலநூல் புத்தகம். ஒருவன் வாசிக்க, இருவர் கேட்க வேண்டும். தூளியொன்றில் என் தங்கை தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஆயா ஒருநாளும் என்னை, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லியிருப்பேன். கிழவி அதை அறிந்திருந்தார் போலும். ‘நாலு தட்டு கழுவிட்டேன், சோத்தைப் போட்டாச்சு. இனிமே எவன் வேணாம்னு சொன்னாலும் நான் தட்டைத் திருப்பிக் கழுவ மாட்டேன்’ என்று அதட்டுவார். ரசமும் நெத்திலிக் கருவாடுமாக நான் உண்ட அந்தச் சோறு இரக்கத்தால் இட்டதாக ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அதுவே அந்தச் சோற்றின் பெருமை.

ஒரு நிகழ்ச்சியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கூடவே வேறொன்றும் வருகிறது. பள்ளியின் தாய்மொழி வகுப்பில் ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். மாலையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து ‘தமிழ் நேசன்’ வாசிக்கும் தந்தை. நாளிதழிலிருந்து தலையைத் தூக்கி மகனிடம் பள்ளிச் செய்தி கேட்டுச் சிரிக்கும் தந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கோழிக்கறி சமைக்கும் தந்தை. கட்டுரை நன்றாக இருப்பதாக ஆசிரியர் அதை வகுப்பில் உரக்க வாசித்தார். சாய்வு நாற்காலி என்ற சொல் வந்ததுமே எனக்கு உடல் வியர்த்தது. எங்கள் தோட்டத்து லயங்களில் சாய்வு நாற்காலி இருந்தது ஒரே ஒரு வீட்டில். அது மண்டோர் வீடு. மண்டோர் மகன் எனக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

வகுப்பில் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, ‘எங்கப்பா அவ்வளவு சிரிக்க மாட்டாருடா’ என்றான். சற்று நேரம் கழித்து, ‘இருந்தாலும் பரவாயில்லை, படிக்க நல்லா இருந்தது’ என்றான். தன் தந்தையை எனக்குச் சிறிது நேரம் இரவல் கொடுத்தவன் அவன். இரவல் கொடுத்த பொருளைப் பற்றிக் கணக்குக் கேட்கவில்லை.

இனி நான் எழுத வந்ததற்கே காரணமான நாளைச் சொல்லிவிடுகிறேன். 1973-ஆம் ஆண்டு. மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தேர்வில் தவறினால் படிப்பு அத்தோடு முடியும். மறுநாள் உளியும் வாளியும்தான். தீபாவளியும் அந்தச் சமயத்திலேயே வந்தது. சம்பளம் போட்ட அடுத்த சனிக்கிழமை, சட்டைத் துணி எடுப்பதற்காக நாங்கள் மூவரும் கோலசிலாங்கூருக்குப் போயிருந்தோம். எங்களுடன் பட்டணத்துப் பள்ளித் தோழர்கள் நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுள் சிலர் அரசாங்க அலுவலர்களின் பிள்ளைகள். குன்றேறிக் குரங்குகளுக்குக் கச்சான் போட்டோம். சீனன் கடையில் ஐஸ் கச்சான் வாங்கித் தின்றோம். எல்லாரையும் போல இருந்த ஒரு நாள். நான் விரும்பியதெல்லாம் கைக்கு வந்துவிட்டதைப் போல இருந்தேன்.

பஸ் நிலையத்துக்கு வந்தபோது அங்கே ஒரு சிறு கூட்டம். நடுவில், தூணுக்கு அருகே, ஒருவர் விழுந்து கிடந்தார். வேட்டி விலகியிருந்தது. தலைமாட்டில் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து, சிறுமி ஒருத்திக்கான மஞ்சள் நிறச் சட்டை மண்ணில் புரண்டு கிடந்தது. யாருக்கு வாங்கிய சட்டை என்று எனக்கு உடனே தெரிந்தது. கிடப்பவர் யார் என்று முகத்தைப் பார்க்காமலே தெரிந்தது.

பஸ் கண்டக்டர், ‘இது யார் ஆளு? தூக்கிக்கிட்டுப் போங்கப்பா’ என்றார். பட்டணத்துத் தோழர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, ‘உங்க தோட்டத்து ஆளா?’ என்று கேட்டான். நான் வாய் திறக்கவில்லை. வாய் திறக்கவில்லை என்று எழுதுவதும் முழு உண்மை ஆகாது. நான் தலையை அசைத்தேன். இல்லை என்று அசைத்தேன்.

அந்தக் கணத்தில் ஆயா பேரன் முன்னே போனான். ‘எங்க மாமாதாண்ணே, உடம்பு சரியில்லாதவரு’ என்று கண்டக்டரிடம் சொன்னான். விலகியிருந்த வேட்டியை முதலில் சரிசெய்தான். மண்டோர் மகன் மஞ்சள் சட்டையை எடுத்து, மண்ணைத் தட்டி, மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். இருவரும் ஆளுக்கொரு தோளைக் கொடுத்து அவரைத் தூக்கினார்கள். பஸ்ஸின் கடைசி இருக்கையில் நடுவே உட்கார வைத்து, இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டார்கள். நான் முன்பக்கத்தில், ஓட்டுநருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். புக்கிட் ரோத்தான் தாண்டித் தோட்டத்து முனையில் இறங்கி, செம்மண் சாலையில் அவர்கள் அவரைத் தாங்கி நடக்க, இருபது முப்பது அடி பின்னால் நான் தனியே நடந்து வந்தேன். அந்தச் சாலையில் வேறு யாரும் இல்லை. அப்போதாவது ஓடிப் போய் ஒரு தோளை நான் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அன்று இரவு ஏழு மணிக்கு வாசலில் வழக்கமான குரல் கேட்டது. ‘கணக்கு நோட்டு வேணும், எடுத்துக்கிட்டு வாடா!’

அன்று நாங்கள் கொட்டகைக்குப் போகவில்லை. இரண்டு சைக்கிள்களில் மூவருமாகக் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கே கரையோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கும். மற்ற இடத்து மின்மினிகளைப் போல அவை தனித்தனியே மின்னுவதில்லை. ஒரு மரத்தில் உள்ளவை எல்லாம் ஒன்றாக ஒளிர்ந்து, ஒன்றாக அணையும். ஆண் பூச்சிகள் துணையை அழைக்கும் முறை அது என்று பிற்காலத்தில் படித்தேன். அன்று எங்களுக்கு அது தெரியாது. கரையில் கிடந்த பழைய படகின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ‘மன்னிச்சிடுங்கடா’ என்ற சொல் என் தொண்டை வரை வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால், நடந்தது நடந்ததுதான் என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் நான் திணறிக்கொண்டிருந்தேன்.

மண்டோர் மகன் சட்டைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தான். அவன் வீட்டில் துவைத்து, கரியடுப்பு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்திருந்தார்கள். ‘பாப்பாவுக்குத் தீபாவளி அன்னைக்குக் கொடு. மாமா கொடுக்கச் சொன்னாருன்னு சொல்லு’ என்றான். பிறகு, அதே மூச்சில், ‘அந்த ஏழாவது அல்ஜிப்ராக் கணக்கு எனக்கு வரவே இல்லைடா’ என்றான். ஆயா பேரன், ‘எனக்கு முதல் கணக்கே வரலை’ என்றான். மூவரும் சிரித்துவிட்டோம். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பின்னர் இந்த ஐம்பது ஆண்டுகளில் அவர்கள் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒருமுறையும் வாயெடுத்ததில்லை.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது திருக்குறளின் இரண்டு அதிகாரங்களை மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்று எழுபத்தொன்பதாம் அதிகாரமான நட்பு. மற்றொன்று தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமான கள்ளுண்ணாமை. இடுப்பிலிருந்து நழுவும் ஆடையை, மனம் எண்ணுமுன்னே கை போய்ப் பற்றிக்கொள்வதை நட்புக்கு உவமையாக வள்ளுவர் சொன்னதை ஒப்புவித்துப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அந்த உவமையை நான் கண்ணால் கண்டது கோலசிலாங்கூர் பஸ் நிலையத்தில்தான். ஆடை நழுவியது என் தந்தைக்கு. மானம் நழுவியது எனக்கு. இரண்டையும் பற்றிய கைகள் என்னுடையவை அல்ல.

தேர்வு வந்தது. நானும் மண்டோர் மகனும் தேறினோம். ஆயா பேரன் தவறினான். தன் கொட்டகையையும், தன் பாட்டியின் சோற்றையும் எங்களுக்குக் கொடுத்தவன், அடுத்த மாதமே தோட்டத்தில் பெயர் பதிந்துகொண்டு பால்வெட்டுக்குப் போனான். என் மனம் பொறுக்கவில்லை. அவனோ, ‘நீ ஒருத்தன் வாத்தியாரானா போதும், நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு’ என்று சொல்லிவிட்டுக் காண்டாவைத் தூக்கினான். நான் நான்காம், ஐந்தாம் படிவங்களை முடித்து, பயிற்சி பெற்று, தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஆனேன். அவன் பேச்சும் அதற்கு ஒரு காரணம்.

அப்பா கடைசி மூன்று ஆண்டுகள் குடியை விட்டிருந்தார். விட்டார் என்பதைவிட, ஈரல் கெட்டு உடம்பு மறுத்துவிட்டது என்பதே சரி. 1986-இல் மருத்துவமனையில் கிடந்தபோது, ஒரு காலை வேளையில் நான் அவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே அவர் சொன்னார்: ‘அன்னைக்குப் பட்டணத்திலேருந்து என்னைத் தூக்கிக்கிட்டு வந்தது யாருன்னு எனக்குத் தெரியும். பின்னாலே நடந்து வந்தது யாருன்னும் தெரியும்பா.’ கத்தியைப் பிடித்திருந்த என் கை நடுங்கிற்று. ‘கோபமெல்லாம் இல்லே. அந்த வயசிலே நானா இருந்தாலும் அப்படித்தான் நடந்திருப்பேன். மழிச்சு முடி’ என்றார். முடித்தேன். சவர்க்கார நுரையைத் துடைக்கும் பாவனையில் அவர் கன்னத்தைச் சற்று நேரம் தொட்டுக்கொண்டிருந்தேன். பதின்மூன்று ஆண்டுகளாக நான் ஒருவனே சுமந்ததாக எண்ணியதை அவரும் சுமந்திருந்தார்.

பாடையின் முன்பக்கக் கம்புகளைப் பிடித்தவர்கள் மண்டோர் மகனும் ஆயா பேரனும். இம்முறை நான் பின்னால் நிற்கவில்லை. கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு அவர்களுக்கு முன்னே நடந்தேன்.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. லயங்களை இடித்து நெடுங்காலம் ஆயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஒருவருக்கொருவர் துணையாக இருந்த குடும்பங்கள் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிப் போய், அடுக்குமாடி வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கின்றன. கள்ளுக்கடை அருகில் இல்லையாயினும் போதை வேறு பெயர்களில் வீட்டுக்கே வருகிறது. தகரச் சுவராவது நமக்கு அடுத்த வீட்டு அழுகையைக் கேட்கச் செய்தது. சிமெண்டுச் சுவர் அதையும் மறைத்துவிட்டது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் வகுப்பறையில் நின்றேன். கண் சிவந்து, உறக்கம் கெட்டு, ஆயினும் மற்றவர்களைவிட உரக்கச் சிரித்துக்கொண்டு வரும் பிள்ளையை ஒவ்வொரு ஆண்டும் கண்டிருக்கிறேன். ‘உன் வீட்டில் என்ன நடக்கிறது?’ என்று அவனை எல்லார் முன்னிலையிலும் நான் கேட்டதில்லை. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று கண்ட இடத்தில் செய்ய வேண்டியதைத் தனியே செய்தேன். மற்ற நாள்களில், ‘சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வா, மாலையில் நூல்நிலையத்தை அடுக்க ஆள் வேண்டும், உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வா’ என்று மட்டும் சொன்னேன். நான்கு தட்டுகளைக் கழுவி வைத்த கிழவியிடமும், கணக்கு நோட்டுக் கேட்டு வாசலில் கத்திய தோழனிடமும் நான் கற்ற பாடம் அதுவே.

துன்பப்படும் வீட்டுப் பிள்ளைக்கு இரக்கம் ஒரு சுமை. அவனுக்கு வேண்டியது எல்லாரையும் போல இருப்பதற்கு ஓர் இடம். நாளில் இரண்டு மணி நேரமானாலும் போதும். அந்த இடத்தை அமைத்துத் தருவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு பாய், ஒரு விளக்கு, அதிகமாக ஒரு தட்டு, கேட்காமல் இருக்கத் தெரிந்த ஒரு நண்பன். எனக்கு அத்தகைய நண்பர்கள் இருவர் வாய்த்தார்கள்.

சென்ற தீபாவளிக்கு ஆயா பேரன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பேத்தி கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘தாத்தா, இது வரலை’ என்றாள். அவன் அதை வாங்கி என்னிடம் நீட்டினான். ‘இவரைக் கேளு. எனக்கு அப்பவும் வரலை’ என்றான்.